டெவன் என்ற பெயர் அந்தத் தீவுக்குப் பொருந்தவில்லை

கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலில், 55,247 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு தீவு இருக்கிறது. மனிதர் குடியிருக்காத தீவுகளில் உலகிலேயே பெரியது அதுதான். கிழக்கே ஏறத்தாழ 1,900 மீட்டர் வரை எழும் பனிமூடிய மேடு. மேற்கே புல் பூண்டு அரிதான கல்வெளி. விண்கல் விழுந்து உண்டான ஹாட்டன் பள்ளமும் அங்கேதான். செவ்வாய்ப் பயணத்துக்கான ஒத்திகைகளை விஞ்ஞானிகள் அங்கே நடத்துகிறார்கள்.

இப்படிப்பட்ட நிலத்துக்கு வரைபடத்தில் உள்ள பெயர் டெவன். 1819-இல் கிளம்பிய கடற்பயணத்தில் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி வில்லியம் பாரி சூட்டியது. இங்கிலாந்தின் பசுமையான ஒரு மாவட்டத்தின் பெயர். அப்படி எட்டு மாவட்டங்கள் இந்தத் தீவுக்குள் அடங்கிவிடும். தெற்கே உள்ள கடல்வழிக்கு 1616-இல் ஆங்கிலேய மாலுமி வில்லியம் பாஃபின் லங்காஸ்டர் என்று பெயரிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கப்பல்களை ஆசியாவுக்கு நடத்தி வந்த அதே ஜேம்ஸ் லங்காஸ்டர்தான்! அந்தக் கடலை அவர் கண்ணால் கண்டதில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனுவிட் மக்கள் இந்தத் தீவைத் தல்லுருத்தித் என்கிறார்கள். தென்கரையின் செங்குத்துப் பாறைகளில் மேலிருந்து கீழாகப் பிளவுகள் ஓடுகின்றன. கடலில் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அவை பெண்ணின் மோவாயில் பச்சை குத்திய கோடுகளாகத் தெரியும். பெயரும் அதையே சொல்கிறது. கரி தோய்த்த நூலை ஊசியில் கோத்துத் தோலுக்கடியில் இழுத்துப் பச்சை குத்துவது இனுவிட் பெண்களின் வழக்கம். மிஷனரிகள் வந்தபின் அது ஒடுங்கிப்போனது. இப்போது இளம்பெண்கள் மீட்டெடுத்து வருகிறார்கள்.

ஆளே இல்லாத தீவுக்கு எந்தப் பெயர் இருந்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஆளில்லை என்பதே அரைகுறை உண்மை. பழைய இனுவிட் வீடுகளின் எச்சங்கள் அதன் கரையில் கிடக்கின்றன. 1934-இல் ஹட்சன் பே கம்பெனி என்ற தோல் வணிக நிறுவனம், பாஃபின் தீவிலிருந்து இனுவிட் குடும்பங்களைக் கொண்டுவந்து இந்தத் தீவின் தென்கரையிலுள்ள டண்டாஸ் துறைமுகத்தில் இறக்கியது. 1936-இல் அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். அண்டைத் தீவிலுள்ள கிரைஸ் ஃபியோர்டு என்ற ஊரின் வேட்டைக்காரர்களுக்கு இது இன்றும் பழகிய நிலம்தான்.

லங்காஸ்டர் என்று பெயரிட்ட அந்தக் கடற்பகுதியைப் பாதுகாக்க 2019-இல் கனடா அரசும் இனுவிட் அமைப்பும் ஒப்பந்தம் செய்தன; அந்தப் பாதுகாப்புப் பகுதியின் பெயர் தல்லுருத்தியுப் இமாங்கா. தல்லுருத்தித்தைச் சூழ்ந்த நீர் என்று பொருள். நீருக்கு இந்தத் தீவின் பெயரைக் கொடுத்தவர்கள், தீவை மட்டும் ஏன் இன்னும் டெவன் என்று அச்சிட வேண்டும்? வரைபடத்தில் முதலில் தல்லுருத்தித் என்று வரட்டும். டெவன் வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும்.