கொடைக்கானல் ஏரி ரோட்டைக் காருக்கு மூடுங்க, அரைகுறையா இல்ல

மே மாசம் வந்துட்டா கொடைக்கானல் ஏரி ரோடு ரோடாவே இருக்கிறதில்ல. சுத்தி வர கிட்டத்தட்ட அஞ்சு கிலோமீட்டர். ஏழாயிரம் அடி உயரத்துல மூச்சு வாங்காம, முட்டி வலிக்காம, கைக்குழந்தையோட ஒரு கிழவி நடந்துபோக இவ்வளவு நீளமான சமதளப் பாதை இந்த ஊர்ல வேற கிடையாது. 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டின ஏரி. அந்தக் கரையில இன்னைக்கு நடக்கிறவன் கார் கதவுக்கும் சாக்கடைக்கும் நடுவுல ஒதுங்கி ஒதுங்கிப் போறான். வெட்கமா இல்லையா நமக்கு?

"பார்க்கிங் வசதி பத்தல, அதை சரி பண்ணினா போதும்"னு ஒவ்வொரு வருஷமும் ஒரு கூட்டம் கிளம்பும். கணக்குப் போட்டுப் பார்த்திருக்காங்களா? ஒரு இன்னோவா கிரிஸ்டா 4.7 மீட்டர் நீளம். முன்னாடி பின்னாடி எடுக்க இடம் விட்டா ஒரு வண்டிக்கு ஆறு மீட்டர். அஞ்சு கிலோமீட்டர் கரையில ஒரு வாசல், ஒரு வளைவு, ஒரு படகுத்துறை, ஒரு கடை இல்லாம, ஒரு பக்கம் முழுக்க வண்டியா நிறுத்தினாலும் 833தான் வரும். 2025 சீசனுக்கு உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வச்ச வரம்பு வார நாள்ல 4000 வண்டி, வார இறுதியில 6000. உள்ளூர் வண்டி இந்தக் கணக்குல சேராது. ஏரிக்கரை முழுக்கக் காருக்குக் கொடுத்தாலும் வார இறுதியில ஏழுல ஒருத்தனுக்குத்தான் இடம். மிச்ச ஆறு பேர் என்ன பண்ணுவான்? இடம் கிடைக்குமான்னு சுத்துவான். நேர் ரோடா இருந்தா இடம் இல்லைன்னதும் கடந்து போயிடுவான். இது வட்ட ரோடு. ஒரு தடவை சுத்தினவன் "அடுத்த ரவுண்ட்ல யாராவது எடுப்பான்"னு மறுபடி அஞ்சு கிலோமீட்டர் சுத்துறான். நாம நெரிசல்னு சொல்றதுல ஒரு பங்கு, எங்கயும் போகாம இடம் தேடிச் சுத்துற வண்டிதான்.

அகலத்தையும் பாருங்க. அதே இன்னோவா உடம்பு 1.83 மீட்டர். ரெண்டு பக்கக் கண்ணாடியையும் சேர்த்தா ரெண்டு மீட்டரைத் தாண்டும், ஓரத்துல விடுற இடைவெளியோட ரெண்டே கால். ஏழு மீட்டர் ரோடுன்னே வச்சுக்குங்க. ரெண்டு பக்கமும் நிறுத்தினா நாலரை மீட்டர் போச்சு. மிச்சம் ரெண்டரை மீட்டர்ல ஒரு டெம்போ டிராவலர் வரணும், எதிர்ல வாடகை சைக்கிள் வரணும், குதிரை வரணும், தள்ளுவண்டியில குழந்தையை வச்சுக்கிட்டு ஒரு அம்மா வரணும். வாடகை சைக்கிள் எடுக்கிறவங்க பாதிப் பேர் காலேஜ் முடிச்சதுக்கு அப்புறம் சைக்கிளே தொடாதவங்க. ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள்னா திரும்பவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. அவங்க போற அதே ஓரத்துலதான் நிறுத்தின காரோட கதவு சடார்னு திறக்கும். திறந்த கதவு முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் வெளிய நீளும். அதுக்குப் பயந்து சைக்கிள்காரன் நடுரோட்டுக்கு விலகுறான், பின்னாடி வர்றவன் குதிரை காதுக்குப் பக்கத்துல ஏர் ஹாரனை அடிக்கிறான். குதிரை மிரண்டா அது மேல உக்காந்திருக்கிறது ஆறு வயசுக் குழந்தை. கயித்தைப் பிடிச்சிருக்கிறவன் என்ன செய்வான் பாவம்.

ஏரி கிடக்கிறது பள்ளத்துல. சாயங்காலம் குளிர்ந்த காத்து கீழ இறங்கி அங்கேயே தங்கும், இன்ஜினை அணைக்காம நிக்கிற டீசல் வண்டிப் புகையும் அதோட தங்கும். ரோட்டுல சொட்டுற ஆயிலும் டயர்த் தூளும் முதல் மழையில நேரா ஏரிக்குள்ள. அந்த ஏரியில இருந்து வழியிற தண்ணிதான் வெள்ளி நீர்வீழ்ச்சியில விழுது. வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுக்கிறவங்களுக்கு இது தெரியுமா?

உடனே வரும் பதில்: "மூடிட்டா வியாபாரம் படுத்துடும்." எந்த வியாபாரம்? ஓடுற கார்ல இருந்து எவன் இறங்கிச் சுட்ட சோளம் வாங்கினான்? சைக்கிள் வாடகை, குதிரை, பிரெட் ஆம்லெட், சாக்லேட், ஸ்வெட்டர் எல்லாம் நடக்கிறவனை நம்பின தொழில். கோக்கர்ஸ் வாக்கைப் பாருங்க. 1872-இல் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை, வண்டியே நுழைய முடியாது. டிக்கெட் வாங்கி நடக்கக் கூட்டம் வருது. அதே ஊர்ல, அதே ஜனம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வண்டி விடுறதில்லை. அங்க நடக்கிற கூட்டத்தைப் பார்த்துட்டு வந்து பேசட்டும். மும்பைக்குப் பக்கத்துல மாதேரான் மலைக்குப் போறவங்க தஸ்தூரியிலேயே காரை விட்டுட்டுத்தான் உள்ள போறாங்க. நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல அறுபதுகள்ல வார இறுதிக்கு மட்டும்னு ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டி, 2018 ஜூன்லதான் காருக்கு முழுசா மூடினாங்க. அரைகுறையா செஞ்சா இப்படித்தான் அம்பது வருஷம் இழுக்கும்.

சட்டம் இல்லைன்னு யாரும் சொல்லிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115. பொதுப் பாதுகாப்புக்காகவோ ரோட்டோட தன்மைக்காகவோ ஒரு ரோட்டுல வண்டி ஓட்டுறதைத் தடை செய்யலாம். ஒரு மாசத்துக்கு மேல போகாத தடைன்னா அரசிதழ்ல போடக்கூட வேண்டாம், உள்ளூர்ல விளம்பரப்படுத்தினா போதும். ஒரு மாசச் சோதனைக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா அந்தச் சோதனையை மே மாசத்துல வைக்காதீங்க. மலர்க் கண்காட்சிக் கூட்டத்துல எந்த ஏற்பாடும் சரியும், "பார்த்தீங்களா, நடக்காது"ன்னு சொல்ல ஒரு சாக்கு கிடைக்கும். பிப்ரவரியில ஆரம்பிச்சா மே மாசத்துக்குள்ள ஓட்டை எல்லாம் தெரிஞ்சிடும்.

சாயங்காலம் நாலு மணிக்கு மூடுறேன்னு கிளம்புறதுதான் பெரிய தப்பு. நாலு மணிக்குள்ள உள்ள நிறுத்தினவன் நிறுத்தினபடியே இருப்பான். ஏழு மணிக்கு ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு நடக்கிற கூட்டத்துக்குள்ள வெளிய வருவான். அதைத் தடுக்கப் போனா சண்டை. காலையில ஆறு மணிக்கு, முதல் வண்டி நிறுத்துறதுக்கு முன்னாடி மூடணும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியை எடுக்க அஞ்சரைக்கே மீட்பு வண்டி அங்க இருக்கணும். அது இல்லாம தடுப்பு மட்டும் வச்சா அது வெறும் அலங்காரம்.

தடுப்புன்னு சக்கரம் வச்ச போலீஸ் பேரிகார்டைக் கொண்டுவந்து வைக்காதீங்க. ஒத்தை ஆள் ஒரு கையால தள்ளிட்டுப் போயிடுவான். காவலர் டீ குடிக்கப் போன பத்து நிமிஷத்துல இருபது வண்டி உள்ள. தரையில குழாய் பதிச்சு, அதுல சொருகிப் பூட்டுற இரும்புத் தூண் வேணும். தூணுக்கும் தூணுக்கும் நடுவுல 1.2 மீட்டர் விடணும். சக்கர நாற்காலி போகும், சைக்கிள் போகும், குதிரை போகும். ஆட்டோ 1.3 மீட்டர் அகலம், அது நுழையாது. அவசரத்துக்கு ரெண்டு தூணைக் கழட்டினா நாலு மீட்டர் கிட்ட வழி கிடைக்கும், தீயணைப்பு வண்டி தாராளமாப் போகும். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. தீயணைப்பு நிலையம், அரசு ஆஸ்பத்திரி, காவல் நிலையம் மூணு இடத்துலயும் ஒவ்வொண்ணு. பைக் மட்டும் அந்த இடைவெளியில நுழையும். அதுக்கு ஆள் போட்டு அபராதம் போடுறதைத் தவிர வழியில்லை, முதல் ரெண்டு வாரம் விடாம போடணும்.

கரையில வீடும் விடுதியும் வச்சிருக்கிறவங்க? நியாயமான கேள்வி. ஸ்டிக்கர் கொடுத்தா ஒரே வாரத்துல கலர் ஜெராக்ஸ் வந்துடும். வண்டி எண் பட்டியல்தான் சரி. மலைக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு ஆன்லைன்ல வாங்குற அனுமதியான இ-பாஸ் எடுக்கிறப்பவே எண் பதிவாகுது. "இவர் எங்ககிட்டதான் தங்குறார்"னு விடுதி அதே எண்ணை உறுதி செய்யட்டும். அந்த வண்டி பக்கத்து வாசல் வழியா வந்து விடுதிக்குள்ள நிக்கட்டும், ரோட்டுல நிக்கக் கூடாது. பால், காஸ் சிலிண்டர், காய்கறி எல்லாம் காலையில ஏழு மணிக்குள்ள. நடக்க முடியாதவங்களுக்குப் பேட்டரி கார். ஒரு சுத்துக்கு 25 நிமிஷம் ஓட்டம், ஏத்தி இறக்க 15 நிமிஷம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வரணும்னா எட்டு வண்டி ஓடணும், சார்ஜ் ஏத்த ரெண்டு உபரி. ஒரே ஒரு பேட்டரி காரை விட்டுட்டு "வசதி செஞ்சிருக்கோம்"னு சொல்லக் கூடாது. அப்சர்வேட்டரி பக்கமும் பூம்பாறை பக்கமும் போறவங்களுக்கு எது வழின்னும் மூடுறதுக்கு முன்னாடியே தீர்க்கணும். அந்தப் போக்குவரத்துக்கு ஏரியைத் தொடுற ஒரு துண்டு தேவைன்னா அதை மட்டும் ஒருவழியாத் திறந்து வைங்க. நிறுத்த மட்டும் விடாதீங்க.

விஐபி வண்டிக்கு விலக்குன்னு ஒரு வரி அந்த உத்தரவுல வந்துடக் கூடாது. ஒரு சைரன் வண்டி உள்ள போறதைப் பார்த்த அடுத்த ஆள் தடுப்புல நிக்கிற காவலரோட சட்டையைப் பிடிப்பான். சம்பளத்துக்கு நிக்கிற அந்த ஆளை ஏன் அந்த நிலைமைக்குத் தள்ளணும்?

அறிவிப்புப் பலகையை ஏரி முனையில வச்சா பிரயோஜனமில்லை. சின்ன கார் திரும்பவே பத்து மீட்டர் விட்டம் வேணும். ஏழு மீட்டர் ரோட்டுல அவன் முன்ன பின்ன எடுத்துத் திரும்புற வரைக்கும் ரெண்டு பக்கமும் அடைபடும், அடுத்தவன் அவன் பின்னாடியே வந்து ஒட்டி நிப்பான். தடுப்பு, வண்டி திரும்ப இடமிருக்கிற சந்திப்பிலேயே இருக்கணும். தகவல் அதுக்கும் ரொம்பக் கீழ, பெருமாள்மலையில இருக்கணும். வத்தலக்குண்டு வழியா வர்றவனும் பழனி வழியா வர்றவனும் அங்கதான் சேருறான். தமிழ், மலையாளம், கன்னடம், இங்கிலீஷ் நாலுலயும் பெருசா எழுதுங்க: ஏரி ரோட்டுல காலை 6 மணி முதல் கார் கிடையாது, வண்டி நிறுத்த வேண்டிய இடம் இது, அங்கிருந்து மினி பஸ் இத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு. வெள்ளி நீர்வீழ்ச்சி டோல்கேட்ல ரசீது கொடுக்கிறப்ப அதே மூணு வரியை ரசீது பின்னாடி அச்சடிச்சும் கொடுங்க.