டெக்சாஸ் சட்டமும் ரைஃபிள் கூட்டங்களும்: ஒரு திருத்தம்

"ரைஃபிளோடு கூட்டமாக உணவகங்களுக்குள் போனதால்தான் டெக்சாஸில் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தும் உரிமை கிடைத்தது" என்று சொல்வது தவறான படத்தைத் தருகிறது. ரைஃபிளை வெளியில் தெரியும்படி எடுத்துச்செல்ல அங்கே முன்பே தடையில்லை. தடை இருந்தது கைத்துப்பாக்கிக்குத்தான். கூடியவர்கள் கேட்டது கைத்துப்பாக்கிக்கான உரிமை, காட்டியது ரைஃபிள். சாப்பிட வந்த குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

2013 செப்டம்பரில் ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளும் 2014 மே மாதம் சிப்போட்லே உணவகங்களும் துப்பாக்கி கொண்டுவர வேண்டாமென்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டன. அதுவரை இரண்டும் உள்ளூர்ச் சட்டம் அனுமதித்தால் துப்பாக்கியைத் தடுக்காமல் விட்டுவைத்திருந்த கடைகள். 2015 ஜனவரியில் இந்த உரிமையின் ஆதரவாளர்கள் சிலர் டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் அறையில் தகராறு செய்ய, உறுப்பினர் அலுவலகங்களில் அவசரப் பொத்தான் வைக்க வழிசெய்தார்கள். 2016 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்த சட்டமும் கைத்துப்பாக்கியை உரிமம் உள்ளவருக்கு மட்டும்தான் அனுமதித்தது, அதுவும் இடுப்பு அல்லது தோள் உறையில். உரிமம் வேண்டும் என்ற அந்த நிபந்தனை 2021 செப்டம்பரில்தான் நீங்கியது.

கலிஃபோர்னியாவில் இன்னும் மோசம். 2010இல் அங்குள்ள ஆதரவாளர்கள் குண்டு நிரப்பாத கைத்துப்பாக்கியோடு காபிக் கடைகளில் கூடினார்கள். 2011இல் அதையே தடைசெய்து சட்டம் வந்தது.

ரைஃபிளோடு கூடித்தான் ஆக வேண்டுமென்றால் அது தோள்வாரில் முதுகுப்பக்கம் தொங்கட்டும், குழாய் கீழ்நோக்கி, உங்கள் கை அதன் பிடியில் படாமல். மார்புக்கு முன்னால் பிடித்தால் பார்ப்பவர் சுடப்போவதாக நினைத்து அவசர உதவி எண் 911ஐ அழைப்பார். பீதியூட்டும் நோக்கில் காட்டுவது டெக்சாஸில் குற்றமும்கூட. இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே போலீசிடம் சொல்லுங்கள். கடைக்குள் போவதற்கு மேலாளரின் சம்மதம் வேண்டும். கிடைக்காவிட்டால் துப்பாக்கி வெளியிலேயே இருக்கட்டும்.