எலக்ட்ரானை யாரும் கலைக்கவில்லை

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் நிச்சயமற்ற தன்மைக் கோட்பாடு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "எலக்ட்ரான் ரொம்பச் சின்னது சார். பார்க்கணும்னா ஒளி படணும், பட்டதும் அது நகர்ந்துடும், அதனால வேகம் தெரியாது" என்று ஒப்பிக்கும். காரைக்குடியில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தாலும் இதையேதான் சொல்கிறார்கள்.

இந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொள்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்பேன். எலக்ட்ரானுக்கு இடமும் வேகமும் துல்லியமாக இருக்கின்றன, நம் கைதான் முரடு, நாளைக்கு நல்ல கருவி வந்தால் சரியாகிவிடும் என்றுதானே கேட்கிற பிள்ளைக்குத் தோன்றும்? கோட்பாடு சொல்வது அதற்கு நேர் எதிர்.

1927இல் இந்தக் கோட்பாட்டை முன்வைத்த ஹைசன்பர்க்கே, எலக்ட்ரானைக் காமா கதிரால் பார்க்கும் நுண்ணோக்கி என்ற கற்பனைச் சோதனையைக் காட்டித்தான் ஆரம்பித்தார். அதில் இயற்பியலாளர் நீல்ஸ் போர் குறை கண்டுபிடிக்க, கட்டுரையின் கடைசியில் பின்குறிப்பு சேர்க்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் கென்னார்ட் என்ற இயற்பியலாளர் கணிதப்படி நிறுவியதுதான் நாம் படிக்கும் சமன்பாடு. இடத்தின் பரவலையும் (அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பது) உந்தத்தின் (நிறை × வேகம்) பரவலையும் பெருக்கினால், குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியை 4π ஆல் வகுத்து வரும் அளவுக்குக் கீழே போகவே போகாது.

ஒரே மாதிரி தயாரித்த ஏராளமான எலக்ட்ரான்களை எடுத்துக்கொள்வோம். பாதியில் இடத்தை மட்டும் அளக்கிறோம், மீதியில் உந்தத்தை மட்டும். எந்த எலக்ட்ரானையும் இரண்டு தடவை தொடவில்லை. அப்போதும் இரண்டு பரவல்களும் இந்தக் கணக்கை மீறாது. இதில் யார் யாரைக் கலைத்தது?

எலக்ட்ரானுக்கு அலைத்தன்மை இருப்பதுதான் காரணம். கல்யாண வீட்டில் நாயனக்காரர் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால் அது என்ன ஸ்வரம் என்று அடித்துச் சொல்லலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிட்டால் எப்போது ஒலித்தது என்று தெரியும், என்ன ஸ்வரம் என்று சொல்ல முடியாது. கேட்பவர் காதில் கோளாறு இல்லை. அந்தத் துண்டு ஒலிக்குள் ஒற்றைச் சுருதி என்று ஒன்று இல்லவே இல்லை.

ஒளிக்கும் இதே அலைத்தன்மை உண்டு என்பதால் இதை வீட்டிலேயே காட்டலாம். இரண்டு பிளேடுகளின் விளிம்புகளுக்கு இடையே ஒரு தாளின் கனம், அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டர், இடைவெளி விட்டு ஒட்டுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு சிவப்பு லேசரை அதன் வழியாக அடியுங்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளின் வழவழப்பான வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரைவிட நல்ல திரை கிடைக்காது. மூன்று மீட்டர் தள்ளி, நடுப்பட்டை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரியும். இடைவெளியைப் பாதியாக்கினால் 8 சென்டிமீட்டர். ஒளி போகும் இடத்தை நெருக்க நெருக்க, பக்கவாட்டு உந்தம் விரிகிறது. பிள்ளைகள் சுருங்கும் என்று எதிர்பார்ப்பார்கள். விரிவதைப் பார்த்ததும் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்!

அப்புறம் ஹீலியத்தைச் சொல்லுங்கள். சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிரவைத்தாலும் அது உறையாது. அணுக்களை ஓரிடத்தில் அடக்கினால் உந்தம் விரியும், அந்த அசைவை அடக்கும் அளவுக்கு ஹீலிய அணுக்களுக்கு இடையே ஈர்ப்பு போதாது. சுமார் 25 வளிமண்டல அழுத்தம் கொடுத்தால்தான் திடமாகும். யாரும் அதை நுண்ணோக்கியில் பார்த்துத் தொந்தரவு செய்யவில்லை.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு நேரு அடிக்கல் நாட்டிய ஊர் இது. மின்வேதியியல் என்றாலே எலக்ட்ரானோடுதான் பிழைப்பு. இந்த ஊர்ப் பிள்ளைகளாவது அதைச் சரியாகத் தெரிந்துகொண்டு கல்லூரிக்குப் போகட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆசிரிய நண்பர்களே, இந்தப் பாடத்தை எடுக்கும் வாரத்தில் ஒரு லேசரும் இரண்டு பிளேடும் வாங்கிக்கொண்டு போங்கள். பிளேடை நீங்களே ஒட்டுங்கள், லேசர் யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.