"எவ்வளவு மிச்சம் ஆச்சு?"

எனக்குக் கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. அன்று உடுத்தியிருந்த உடையை நானே தைத்தேன் என்று தெரிந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தைக்கக் கஷ்டமாக இருந்ததா, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றெல்லாம் இல்லை. "அப்படியா! எவ்வளவு மிச்சம் ஆச்சு?"

இத்தனை நாள் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தேன். நேற்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல், "பாதிக்குப் பாதி பிடித்திருப்பீங்களே" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். சரி, எழுதியே விடலாம்.

மிச்சம் இல்லை. துணி, லைனிங், நூல் என்று வாங்கியதை மட்டும் கூட்டினால், கடையில் தொங்கியதைவிடக் குறைவுதான். ஆனால் நான் உட்கார்ந்த நேரத்துக்கு, ஒரு தையல்காரர் வாங்கும் கூலியில் பாதியைப் போட்டாலே அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. வீட்டு ஆளுக்கு எதற்குக் கூலி என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். "வீட்டிலேயே செய்தால் செலவே இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில் யாரோ ஒருத்தி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விழித்திருக்கிறாள். அவள் பெயர் மட்டும் கணக்கில் வராது.

அப்புறம் எதற்குத் தைத்தாய் என்றால், பணம் கைக்கு வருகிற விதம் அப்படி. எங்கள் வீட்டு வரவு செலவு நோட்டு ஏழு வருடமாக என்னிடம் இருக்கிறது. ஒரே மாதத்தில் பெரிய தொகையைப் புரட்டுவது எங்களால் ஆகாது. மாதம் கொஞ்சம் கொஞ்சமாக என்றால் சமாளித்துவிடுவோம். கடையில் வாங்கும் உடைக்கு ஒரே நாளில் மொத்தத்தையும் எண்ணி வைக்க வேண்டும். தைத்துக்கொண்டால் அதே செலவு எட்டு மாதத்துக்குப் பிரிந்துவிடுகிறது. முதல் மாதம் பழைய பெட்ஷீட்டில் மாதிரி தைத்துப் பார்த்தேன், செலவு பூஜ்யம். அடுத்த மாதம் துணி. அதற்கடுத்த மாதம் லைனிங், விறைப்புக்குக் கேன்வாஸ். நான்காவது மாதம் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டி வந்தது; உடைக் கணக்கில் அந்த மாதம் ஒரு கோடு மட்டும் போட்டேன். கடனும் இல்லை, கோபித்துக்கொள்ள ஆளும் இல்லை. துணி அலமாரியில் பேசாமல் காத்திருந்தது.

தையல் மிஷின் வீடுகளுக்குள் நுழைந்ததே இந்த வழியாகத்தான். ஐசக் சிங்கர் தன் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851-இல். சாதாரணக் குடும்பம் மொத்தமாகக் கொடுத்து வாங்கக்கூடிய விலை இல்லை அது. அவருடைய பங்குதாரர் எட்வர்ட் கிளார்க் கொஞ்சம் முன்பணம், மீதி மாதா மாதம் என்று தவணையில் கொடுக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். 1850களிலேயே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. நாம் இன்று போனையும் பிரிட்ஜையும் வாங்கும் முறைக்கு வழிபோட்ட பொருள்களில் தையல் மிஷினும் ஒன்று.

என் மிஷின் பெரியம்மாவிடம் இரவல் வாங்கியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே ஒரு உடைக்காகப் புது மிஷின் வாங்கினால் நான் மேலே சொன்ன கணக்கு முழுக்கக் கவிழ்ந்துவிடும். முப்பது வினாடி வீடியோவில் "என் கல்யாண உடையை நானே தைத்தேன்" என்று சிரிப்பவர்கள் மிஷின் எப்படி வந்தது என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

தைத்தது என்ன என்று சொல்லவில்லையே. லைனிங் வைத்த மேல்சட்டை, கீழே தரை வரை அம்ப்ரெல்லா கட் பாவாடை, அதாவது குடைபோல் விரியும் முழு வட்டப் பாவாடை. பார்த்தவுடன் பணக்காரத்தனமாகத் தெரியும், தைக்க ரொம்பச் சுலபம், ஆனால் துணியைக் குடிக்கும். அதனால்தான் கத்தரியைத் தொடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன். இந்த எட்டு மாதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நாள் அதுதான், கொஞ்சம் விவரமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பாவாடையை இரண்டு அரைவட்டமாக வெட்டிச் சேர்ப்பதாகத் திட்டம்; அரைவட்டத்தின் ஆரம் துணியின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். இடுப்பு 72 செ.மீ. முழு வட்டப் பாவாடைக்கு நடுவில் வெட்டும் வட்டத்தின் ஆரம் எவ்வளவு என்றால், இடுப்பளவை 6.28-ஆல் வகுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே பை (3.14) தான், இரண்டு மடங்கு. 11.5 செ.மீ. வருகிறது. பாவாடை நீளம் 100. அடிமடிப்புக்கு 2. கூட்டினால் 113.5. நான் ஆசைப்பட்ட துணியோ 112 செ.மீ. அகலம். ஒன்றரை செ.மீ. இடிக்கிறது! பக்கத் தையலுக்கும் ஒன்றரை விட வேண்டுமே, ஆக மூன்று. 150 செ.மீ. அகலத்தில் வேறு துணி இருந்தது, எனக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. கடைசியில் வழி காட்டியது இடுப்புப் பட்டி. 4 செ.மீ. அகலத்தில் பட்டியைத் தனியாக வெட்டிவிட்டால் பாவாடையின் நீளம் 96 ஆகிவிடும். இப்போது 11.5, 96, 2, பக்கத் தையலுக்கு 1.5, மொத்தம் 111. துணிக்குள் அடங்கிவிட்டது, ஒரு செ.மீ. மிச்சத்தோடு. மிச்சம் மிச்சம் என்று கேட்கிறவர்களே, இந்த ஒரு சென்டிமீட்டர்தான் நான் பிடித்த மிச்சம்.

பக்கத் தையலை விட்டால் ஆரம் 109.5, அதன் இரு மடங்காக ஒரு அரைவட்டத்துக்கு 219 செ.மீ. நீளம். இரண்டுக்கு 438. ஐந்து மீட்டராக வாங்கினேன். பருத்தி கலந்த துணி நனைத்தால் சுருங்கும், பெரும்பாலும் நீளவாக்கில். நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலும் 475 நிற்கும். நனைத்துக் காயவைத்து, அயர்ன் செய்து, அதன் பிறகு மறுபடி அளந்து, அப்புறம்தான் வெட்டினேன். அரைவட்டம் வெட்டியதும் மூலைகளில் விழும் முக்கோணத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னால் அவை என் மானத்தைக் காப்பாற்றின.

எப்படியென்றால், நோட்டில் "தவறு" என்று ஒரு செலவுத் தலைப்பை முதல் மாதமே போட்டு வைத்திருந்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்ல காரியத்துக்கு இப்படியா எழுதுவாங்க?" என்று முகத்தைச் சுளித்தாள். எழுதாமல் விட்டால் மட்டும் தவறு நடக்காமல் இருந்துவிடுமா? ஆறாவது மாதம் நடந்தது. மேல்சட்டையின் கைகள் இரண்டையும் வெட்டி, அலங்காரத் தையலெல்லாம் போட்டு முடித்து, உடம்போடு வைத்துப் பார்த்தால் இரண்டும் இடது கை. கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக இருக்கும். ஒன்றை வெட்டிவிட்டு, அடுத்ததற்குக் காகித மாதிரியைத் திருப்பிப் போட மறந்தால் இப்படித்தான். அந்த ராத்திரி நான் அழவில்லை என்று சொன்னால் பொய். காலையில் எழுந்து அந்த மூலைத் துண்டுகளைத் தேடி எடுத்தேன். நூல் ஓட்டம், அதாவது நெசவு இழை போகும் திசை, சரியாக இருக்கும்படி துண்டைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்ததில், அகலமானது ஒன்றில் வலது கை வந்துவிட்டது. "தவறு" தலைப்பில் ஒரு நூல்கண்டும், இரண்டு நாளும்.

மற்ற தவறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 14-ஆம் நம்பர் ஊசியை மாற்றாமல் மெல்லிய துணியில் ஓட்டினேன். தையலைப் பிரித்த பிறகும் ஓட்டைகள் வரிசையாக நின்றன, மேலே பைப்பிங் என்கிற மெல்லிய துணிப்பட்டி வைத்து மறைத்தேன். பாவாடையை மாட்டி வைத்து இரண்டு நாள் தொங்கவிடாமல் அடிமடிப்பு அடிக்கப் போனேன். நூல் சாய்வாக வருகிற இடங்களில் துணி தன் பாரத்திலேயே கீழே இறங்கும் என்று பெரியம்மா போனில் கத்தித் தடுத்தாள். சரியாகச் செய்ததும் ஒன்று உண்டு. மேல்சட்டையின் பக்கத் தையலில் உள்ளே இரண்டு இரண்டு செ.மீ. துணி விட்டு வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அது தேவைப்பட்டது. காரணம் கேட்காதீர்கள்.

முழுவதையும் நானே தைத்தேனா? இல்லை. ஓரங்களில் நூல் பிரியாமல் இருக்க ஓவர்லாக், முதுகில் மறைவு ஜிப், இரண்டையும் தையல்கார அண்ணன் ஒருவரிடம் கூலி கொடுத்துத்தான் முடித்தேன். அதைச் சொன்னதும் ஒரு தோழி, "அப்போ நீ தைத்ததுன்னு எப்படிச் சொல்றே?" என்றாள்.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஒரு கல்யாண உடை இருக்கிறது. பாராசூட் துணியில் தைத்தது. 1944-இல் அமெரிக்க பி-29 விமானம் ஒன்றில் தீப்பிடிக்க, அதன் விமானி சீனாவில் பாராசூட்டில் குதித்தார். ராத்திரி முழுக்க அதையே தலையணையாகவும் போர்வையாகவும் வைத்துக்கொண்டார். 1947-இல் தன் காதலியிடம் அந்தத் துணியையே கொடுத்துக் கல்யாணத்துக்குக் கேட்டார். அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? பாவாடையைத் தானே தைத்தாள், பாராசூட்டின் கயிறுகளை இழுத்துச் சுருக்கி முன்னால் குட்டையாகவும் பின்னால் நீளமாகவும் வரும்படி. மேல்பகுதியையும் முக்காட்டையும் தையல்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் அது அவளுடைய உடைதான். தோழிக்கு இந்தக் கதையை அனுப்பி வைத்தேன், கட்டைவிரல் எமோஜி ஒன்று பதிலாக வந்தது.

(அதே 1947-இல்தான் பிரிட்டனின் இளவரசி எலிசபெத்துக்கும் கல்யாணம். அங்கே துணிக்கு ரேஷன் காலம். அவருக்கு அரசாங்கம் கூடுதலாகக் கூப்பன் ஒதுக்கியது. பாசத்தில் ஜனங்கள் தங்கள் கூப்பன்களையும் அனுப்பினார்கள். கூப்பனைக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம் என்பதால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அளந்து வெட்டும் வேலை அரண்மனையையும் விடவில்லை.)

பணத்தைவிடப் பெரிய தலைவலி நேரம். நான் தைத்தது 96 மணி நேரம். அதையும் நோட்டில் எழுதி வந்தேன். இந்த 96 மணி வானத்திலிருந்து விழவில்லை. நான் செய்துகொண்டிருந்த வேறு வேலைகளிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அதனால் முதல் வாரமே வீட்டில் உட்காரவைத்துப் பேசினேன். செவ்வாயும் வியாழனும் ராத்திரிச் சமையலும் பாத்திரமும் தம்பிக்கு. ஞாயிறு மதியம் என்னை யாரும் கூப்பிடக் கூடாது. தம்பி மூன்றாவது வாரமே, "அக்கா, இந்த ஒரு நாள் மட்டும்" என்று ஆரம்பித்தான். விட்டுக்கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், எல்லா வேலையும் முடித்துவிட்டுத் தூக்கத்தைத் தின்று தைத்திருப்பேன், எல்லோரும் "அவ கைராசி" என்று பாராட்டியிருப்பார்கள்.

அதனால், நானும் தைக்கட்டுமா என்று உள்பெட்டியில் கேட்பவர்களுக்கு: இதுவரை ஒரு தலையணை உறைகூடத் தைத்ததில்லை என்றால் வேண்டாம். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் என்றாலும் வேண்டாம். தைக்கத் தெரியும், கையில் சில மாதம் இருக்கிறது, ஆனால் வீட்டில் ஒருவரும் உங்கள் வேலையில் ஒரு பங்குகூட வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்றால், கடையிலேயே வாங்கிவிடுங்கள். உண்மையாகவே சொல்கிறேன், அதுதான் மலிவு.

பெரியம்மா மிஷினை இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அது என்னோடு வந்துவிட்டது, கூடவே அம்மா வீட்டுப் பழுதுகளும் பை பையாக வந்துகொண்டிருக்கின்றன. தம்பியின் பேண்ட் ஜிப் ஒன்று மூன்று நாளாகக் கிடக்கிறது. மாற்றித் தர அரை மணி ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த அரை மணிக்கு இங்கே வந்து என்ன வேலை செய்து தருகிறான் என்று அவன் இன்னும் சொல்லவில்லை.