இரும்புக் கோர்செட்டாம்!

நேத்துல இருந்து ஆளாளுக்கு ஷேர் பண்ற அந்தப் பதிவைப் பத்தித்தான். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்கள் 13 அங்குல இடுப்புக்காக இரும்புல கோர்செட், அதாவது உடம்போட இறுக்கிக் கட்டுற உள்ளாடை, மாட்டி விலா எலும்பை நொறுக்கிக்கிட்டாங்களாம். நான் போட்ட கமெண்ட்டுக்கு வந்த பதிலையும் பார்த்திருப்பீங்க: "பிளவுஸ் தைக்கிறவங்க எல்லாம் வரலாறு பேச வந்துட்டாங்க."

சரிங்க. பிளவுஸ் தைக்கிறவளாவே பேசுறேன்.

அன்னிக்கு அதுக்குக் கோர்செட்னு பேரே இல்ல. 'பேர் ஆஃப் பாடீஸ்' (pair of bodies). நம்ம பாட்டிமார் 'பாடி'ம்பாங்களே, ஞாபகம் வருதா? இடுப்பை நசுக்குறது அதோட வேலை இல்ல. நெஞ்சைத் தட்டையாக்கி, உடம்பைப் புனல் மாதிரி காட்டணும், அதான் ஃபேஷன். இடுப்பு சின்னதாத் தெரிஞ்சதுக்குக் காரணம் கீழ இருந்த ஃபார்திங்கேல், பாவாடையை விரிச்சு நிறுத்துற வளையக்கூடு. முதல்ல ஸ்பெயின்ல இருந்து வந்தது கூம்பு மாதிரி. நூற்றாண்டு முடியுறப்ப வண்டிச்சக்கரம் மாதிரி. 1592 வாக்குல வரைஞ்ச முதலாம் எலிசபெத் ராணியோட டிச்லி ஓவியத்தைப் பாருங்க. அவ்வளவு அகலப் பாவாடை கட்டினா என் இடுப்பும்தான் சின்னதாத் தெரியும்!

1603ல அந்த ராணியோட இறுதி ஊர்வலத்துல வச்ச உருவபொம்மைக்குப் போட்ட பாடி இன்னும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில இருக்கு. துணி. உள்ள திமிங்கல வாய்த் தகடு. இரும்பு இல்ல. இரும்பு இல்லவே இல்ல.

"மியூசியத்துல இரும்பு இருக்கே?" இருக்கு. முதுகு கோணினவங்களுக்கு அப்படி மாட்டச் சொல்லி அம்ப்ருவாஸ் பாரேங்கற பிரெஞ்சு வைத்தியரே எழுதி வச்சிருக்கார். எனக்கு டிஸ்க் விலகினப்ப மூணு மாசம் கட்டின பெல்ட்டுலயும் இரும்புப் பட்டை இருந்துச்சு. நானூறு வருஷம் கழிச்சு அதைத் தோண்டி எடுத்து, "அழகுக்காகக் கட்டினா"ன்னு எவனாவது ரீல் போடுவான்.

லாக்டவுன்ல கேன்வாஸும் கேபிள் டையும் வச்சு நானே ஒரு பாடி தைச்சேன். உள்ள காட்டன் சட்டை. அவங்களும் லினன் உள்சட்டை (ஸ்மாக்) மேலதான் கட்டினாங்க. போட்டுக்கிட்டே பன்னெண்டு தோசை சுட்டேன். கீழ விழுந்த கரண்டியை எடுக்க முட்டியை மடக்கி உட்கார வேண்டியிருந்துச்சு. மூச்செல்லாம் முட்டல.

யாராவது ஒருத்தி இழுத்து இறுக்கியிருக்கலாம். இருக்கட்டும். ஆனா "பெண்ணடிமைத்தனத்துக்கு முட்டுக் குடுக்குறீங்க"ன்னு இன்பாக்ஸ்ல வந்து சொன்னீங்களே, அது வலிச்சுது. இருபத்திரண்டு வருஷமா பெண்களோட உடம்பை அளவெடுக்குறவ நான். அவங்க எதுக்கு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு உங்களைவிட எனக்குத் தெரியும்.

அப்புறம், ஆம்பளைங்க? சட்டை முன்னால பஞ்சும் குதிரைமயிரும் திணிச்சுத் தொப்பை வச்சுக்கிட்டாங்க. 1583லயே ஃபிலிப் ஸ்டப்ஸ்ங்கற இங்கிலாந்து எழுத்தாளர் திட்டித் தீர்த்திருக்கார். எட்டாம் ஹென்றியோட கவசத்துல இடுப்புக்குக் கீழ முன்னால துருத்திக்கிட்டு நிக்குதே, லண்டன் டவர்ல? அதைப் பார்த்து "அய்யோ பாவம்"னு யாராவது அழுதீங்களா? கோமாளித்தனம் பண்ணினா அது ஆம்பளை கெத்து. பொம்பளை அதையே பண்ணினா அவ முட்டாள், இல்லன்னா பலியாடு. தைச்சவன் பேரை எவனும் கேக்குறதில்ல.

அந்தக் கமெண்ட்டுக்குச் சிரிப்பு ஸ்மைலி போட்டதுல ரெண்டு பேரோட பிளவுஸ் என் மேஜையில இருக்கு. புதன்கிழமை வேணுமாம். வெள்ளிக்கிழமை வாங்க.