கருப்பனும் ஏழாவது மாடியும்

சென்னையில் மச்சினர் மகள் கல்யாணம். மூன்று நாள். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாச்சு. கருப்பனை என்ன செய்ய? அவன் எங்கள் சிப்பிப்பாறை நாய். ரயிலில் கூட்டிப்போக முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபேயை, அதாவது தனி அறையை, மொத்தமாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் கூண்டு. ராத்திரி முழுக்கக் கூண்டிலா? மனசு வரவில்லை.

ஊரில் இருந்தவரை, "பாத்துக்கிடுங்க ஆச்சி" என்று எதிர்வீட்டில் ஒரு வார்த்தை போதும். மோர்ச்சோறு வேளாவேளைக்கு வந்துவிடும். இப்போது பாளையங்கோட்டையில் ஏழாவது மாடி. பால் போடும் தம்பி சம்மதித்தான், கருப்பனுக்கும் அவனைப் பிடிக்கும். ஆனால் வெளியாள் நுழைய ஒவ்வொரு தடவையும் என் போனுக்கு ஓடிபி வருமாம். தாலி கட்டுகிற நேரத்தில் நான் நம்பர் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டுமா?

அடுத்தது லிஃப்ட். "நாய்க்குப் படிக்கட்டுதான்" என்கிறார் செயலாளர். லிஃப்டில் தடை போடக் கூடாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அடுத்த மீட்டிங்கில் பேசுவோம்" என்றார். மீட்டிங் அடுத்த மாதம், கல்யாணம் வெள்ளிக்கிழமை.

எதிர் ஃப்ளாட்டில் கேட்கலாமே என்பீர்கள். நான்கு வருஷமாகிறது, அவர்கள் பெயர் கூட எனக்குத் தெரியாது. ஆனால் கருப்பன் குரைப்பதாக வாட்ஸ்அப்பில் புகார் போடுவது அவர்கள்தான்.

சரி, கடைசியில் நான் போகவில்லை. மனைவி மட்டும் போகிறாள். மச்சினருக்கு இன்னும் சொல்லவில்லை.