மவுண்ட்டு வெல்டு வைக்கிற அன்னைக்கே ஃபேன் முடிவாயிருது

ஞாயித்துக்கெழம ராத்திரி பத்தரை மணிக்கு பாவூர்சத்திரத்துல இருந்து ஒரு தம்பி போன். பழைய பெட்ரோல் வில்லிஸ் ஒண்ணு வாங்கிருக்கான். அதுல இருக்க இன்ஜினை இறக்கிட்டு பியூஜோ டீசல் ஏத்தப் போறானாம்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்விதான். எலக்ட்ரிக் ஃபேன் போடட்டுமா, இன்ஜின் ஃபேனே இருக்கட்டுமா?"

"மவுண்ட்டு வெல்டு வச்சாச்சால?"

"இல்லண்ணே, புதன்கெழமதான்."

நல்ல வேளை. மவுண்ட்டுன்னா சேஸிஸ்ல இன்ஜினைத் தாங்குத அடி. இன்ஜின் ஃபேன்னா இன்ஜினே பெல்ட்டுல சுத்துறது, எலக்ட்ரிக்னா கரண்டுல தனி மோட்டர். வச்சாச்சுன்னு சொல்லிருந்தான்னா, "எலக்ட்ரிக்கே போட்டுக்கோ, உனக்கு வேற வழி கெடையாது"ன்னு போனை வச்சிருப்பேன். இந்த விஷயத்துல எல்லாரும் தப்பான நாள்ல கேள்வி கேக்காங்க. இன்ஜின் உக்காந்து, பைப்பெல்லாம் மாட்டி, கடைசியா ரேடியேட்டரைக் கொண்டு வந்து வச்சுப் பாத்தா ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல சுண்டு விரல் போகாது. அப்பத்தான் "எலக்ட்ரிக் ஃபேன்தான் மாடர்னு"ன்னு ஒரு ஞானம் பொறக்கும். அதை முடிவுன்னு சொல்லக் கூடாது. மாட்டிக்கிட்டதுக்கு நாமளே சொல்லிக்கிடுத சமாதானம் அது.

எனக்கும் அப்படித்தான் பொறந்துச்சு.

என் ஜீப்புல இருக்கதும் பியூஜோ டீசல்தான், 2498 சிசி எக்ஸ்டி3பி. ஏத்துன அண்ணாச்சி நல்ல வேலக்காரர், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கியர் லிவர் பழைய ஓட்டையிலயே வரணும், பின்னால தகரத்தைத் தட்டக் கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னது நான். அதனால இன்ஜின் ஒன்றரை இஞ்சு முன்னால வந்துருச்சு. இன்ஜின் ஃபேனைக் கழட்டி ஓரமா வச்சோம். காயலான் கடையில ஒரு மாருதி 800 ஃபேன் கெடைச்சுது.

அந்த ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால நின்னு காத்தை இழுக்கதுக்குன்னு செஞ்சது. எனக்குத்தான் பின்னால எடமில்லையே, முன்னால மாட்டுனோம். ஃபேனைச் சுத்தி இருக்க கவர் ரேடியேட்டரோட ஒட்டி உக்காரணும்னா ஃபேனைத் திருப்பித்தான் வைக்கணும். திருப்பினா காத்து கிரில் வழியா வெளிய போகும். எலக்ட்ரீசியன் ரெண்டு வயரை மாத்திக் குடுத்தார், மோட்டர் எதிர்ப்பக்கமா சுத்துச்சு, காத்து உள்ள வந்துச்சு. "பாத்தீங்களா, சரியாப் போச்சு"ன்னார். எங்க சரியாப் போச்சு? இறக்கையோட வளைவு ஒரு பக்கத்துக்குன்னு செதுக்கினது. எதிர்ப்பக்கமா சுத்துனா சத்தம்தான் கூடும், காத்து கொறையும். கரண்டியைக் குப்புறப் புடிச்சு சாம்பார் ஊத்துற கதை. போதாக்கொறைக்கு வீட்டு வயரிங்ல மிஞ்சின 1.5 ஸ்கொயர் எம்எம் வயர். பெரிய கரண்டைத் தாங்கித் திறந்து மூடுத ரிலே கெடையாது, நேரா டேஷ் போர்டு சுவிட்ச்.

ஆனாலும் நாலு மாசம் ஓடுச்சு. பாளையங்கோட்டைக்கும் பேட்டைக்கும் போயிட்டு வர அது போதும்.

அப்புறம் ஆனி மாசக் கடைசி. ஆடி பொறந்துட்டா வீடு மாத்தக் கூடாதுன்னு நாகர்கோவில்ல இருந்து அக்கா ஒரே அவசரம். டிரெய்லர்ல பீரோ, கட்டிலு, கிரைண்டர் எல்லாம் ஏத்திக்கிட்டு நெல்லைக்குக் கெளம்புனேன். ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்தைப் பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, முப்பந்தல்ல அம்புட்டு காத்தாலை சும்மாவா நிக்கி. மேக்க இருந்து கெழக்க அடிக்கும். நான் போறதும் கெழக்க. வண்டி தள்ளிவிட்ட மாதிரி போகுது, "ஆஹா, டீசல் மிச்சம்"னு நெனச்சேன்.

இங்கதான் நான் கோட்டை விட்டது. வண்டி 50-ல போகுது. பின்னால இருந்து காத்து 40-ல அடிக்குன்னு வச்சுக்கோங்க. அப்போ ரேடியேட்டருக்கு முன்னால இருந்து வாரது வெறும் 10. சைக்கிள்ல போறவன் மூஞ்சியில படுத காத்து. ரோட்டுல ஓடும்போது ஃபேனே வேண்டாம், எதிர்க்காத்தே போதும்னு சொல்லுதாங்கள்லா? ஐம்பது அறுபதுக்கு மேல அது நெசந்தான். ஆனா காத்து எதுக்க வரணுமே! பின்காத்துல, டிரெய்லரும் இழுத்துக்கிட்டுப் போனா, வண்டி ஓடிக்கிட்டே டிராபிக்ல நிக்க மாதிரி.

டெம்பரேச்சர் மீட்டர் முள்ளு ஏற ஆரம்பிச்சுது. சுவிட்சைப் போட்டேன், உய்யுன்னு சத்தம். கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுபோச்சு. ஏதோ பிளாஸ்டிக் கருகுத வாடை. இசக்கியம்மன் கோயில் பக்கத்துல ஓரங்கட்டி பானெட்டைத் தூக்குனா, 30 ஆம்பியர் ஃபியூஸ் பத்திரமா இருக்கு, அது உக்காந்திருந்த கூடு பாகாட்டம் உருகி வழிஞ்சு பேட்டரித் தட்டுல ஒட்டிக் கெடக்கு. வயர்த் தோல் அரையடி நீளத்துக்கு சுருங்கி செம்பு தெரியுது. ஃபியூஸ் போகாம வயர் போயிருக்கு. வயரு தாங்குறதை விடப் பெரிய ஃபியூஸைப் போட்டா இதான் நடக்கும். ஃபேன் ஓடும்போது 15, 18 ஆம்பியர்னா, கெளம்புற அந்த நொடியில அதை மாதிரி ரெண்டு மூணு மடங்கு இழுக்கும். ரெண்டு நாள் கழிச்சு ஆயில் மூடியைத் திறந்தா உள்ள பால் காப்பி கலர், ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. ஹெட் கேஸ்கெட் போயாச்சு.

எலக்ட்ரிக் ஃபேன் மேல எனக்குப் பகை இல்ல, அதை ஒழுங்கா மாட்டாததுதான் கோவம். 1983 கடைசியில மாருதி 800 வந்தப்போ அதுல எலக்ட்ரிக் ஃபேன் இருந்ததுக்குக் காரணம் உண்டு. அதுல இன்ஜின் குறுக்க கெடக்கும், இன்ஜின் மூக்கு ரேடியேட்டரைப் பாக்காது. பெல்ட்டுல ஃபேனை எப்படி ஓட்டுறது? நம்ம ஜீப்பு, அம்பாசடர்லாம் நெட்டுவசம். வாட்டர் பம்ப் புல்லியிலயே ஃபேன் ரேடியேட்டரைப் பாத்து நிக்கி. இருக்கதை விட்டுட்டு எதுக்குக் கரண்டுக்குப் போகணும்?

"இன்ஜின் ஃபேன் பவரைத் தின்னுரும்"பாங்க. தின்னும், பொய் இல்ல. ஃபேன் வேகம் ரெண்டு மடங்கானா அது கேக்குற பவர் எட்டு மடங்கு. நிமிஷத்துக்கு 1500 சுத்துல அரை குதிரைசக்தி எடுக்குன்னா 3000-த்துல நாலு. எலக்ட்ரிக் ஃபேன் 18 ஆம்பியர்ல கிட்டத்தட்ட 240 வாட். ஆல்டர்னேட்டர்ல வீணாகுறதையும் சேத்தா இன்ஜின்ல இருந்து முக்கால் குதிரைசக்திக்குள்ள. கணக்குல எலக்ட்ரிக்தான் ஜெயிக்கும். ஆனா என் டீசல் ஜீப்பு எப்போ 3000 சுத்துது? மேடு ஏறும்போது, சுமை இழுக்கும்போது. அப்பத்தான் காத்தும் வேணும். எரியுத டீசல்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு சூடாத் தண்ணிக்குத்தான் போகுது. ஐடில்ல இன்ஜின் ஃபேன் மெதுவாச் சுத்தும், ஆனா டீசல் ஐடில்ல பெருசா சூடாகவும் செய்யாது. தேவையும் வரத்தும் ஒண்ணாவே ஏறி ஒண்ணாவே எறங்குது. பெட்ரோல் வண்டி, வண்ணார்பேட்டை டிராபிக்ல ஏசி போட்டு நிக்க வண்டின்னா கதை வேற. அங்க எலக்ட்ரிக் இல்லாம முடியாது.

பட்டறையில யாரும் பேசாத ஒண்ணைச் சொல்லுதேன். ஃபேன் கவர், புஸ்தகத்துல ஷ்ரவுட்டுன்னு போட்டிருப்பான். இன்ஜின் ஏத்துற வண்டியில நூத்துக்குத் தொண்ணூறு இது இருக்காது. "பழைய கவர் இதுக்குச் சேராது"ன்னு தூக்கி எறிஞ்சிருவாங்க. (நூத்துக்குத் தொண்ணூறுன்னு யாரும் எண்ணிப் பாக்கல, என் வயித்தெரிச்சல் கணக்கு.)

கேஸ்கெட் மாத்தி, மவுண்டை அறுத்து இன்ஜினைப் பின்னால தள்ளி, பழைய ஃபேனையே திரும்பப் போட்ட அன்னைக்கு அண்ணாச்சி ஒரு வேலை செஞ்சார். வண்டியை ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ரேஸ் கூட்டி வைக்கச் சொல்லிட்டு, பேப்பர்ல ஒரு தாளை அஞ்சாக் கிழிச்சு கிரில்ல ஒவ்வொண்ணா வச்சார். நடுவுல வச்சது ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. நாலு மூலையிலயும் வச்சது சறுக்கிக் கீழ விழுந்துருச்சு. "ரேடியேட்டர்ல பாதிதாம்வே வேல செய்யுது, மீதி சும்மா தண்ணித் தொட்டி"ன்னார். ஃபேன் வட்டம், ரேடியேட்டர் சதுரம். மூலைக்குக் காத்து எப்படி வரும்? அதோட பின்னால தள்ளுன சூடான காத்தையே ஃபேன் ஓரமா திரும்ப இழுத்துக்கிட்டும் இருக்கும். டிங்கரைக் கூப்பிட்டுத் தகரத்துல கவர் அடிச்சோம். இறக்கை நுனிக்கும் கவருக்கும் அரை இஞ்சு சொச்சம் விட்டு, இறக்கையோட அகலத்துல பாதி கவருக்குள்ள, பாதி வெளிய. திரும்ப மூலையில பேப்பரை வச்சா ஆணி அடிச்சாப்புல நிக்கி. அதே ஃபேன், அதே ரேடியேட்டர்.

அதுக்குப் பெறகு அதே டிரெய்லரோட, அதே காத்துல, ரெண்டு தடவை நாகர்கோவில் போயிட்டு வந்துட்டேன். முள்ளு பாதியைத் தாண்டல.

இன்ஜின் ஃபேன்லயும் தொந்தரவு உண்டு. ஆத்துல எறக்குனா தண்ணியை வாரி இன்ஜின் பூரா அடிக்கும், இறக்கை வளைஞ்சு ரேடியேட்டரைக் கிழிச்சதும் உண்டு. ஆழமான தண்ணின்னா பெல்ட்டைக் கழட்டிட்டுத்தான் எறங்கணும். மவுண்ட் ரப்பர் செத்திருந்தா சடன் பிரேக்குல இன்ஜினே முன்னால வந்து முத்தம் குடுத்துரும். எங்க பெரியப்பாவோட தோள்துண்டு ஒண்ணை அம்பாசடர் ஃபேன் வாங்கிக்கிட்டது எங்க வீட்டுல இன்னும் பேசுத கதை. ஆனா எலக்ட்ரிக் அதைவிடக் கள்ளன், சில வண்டியில சாவியை எடுத்த பெறகும் திடீர்னு சுத்தும். விரல் பத்திரம்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ரேடியேட்டரை முதல்ல மாட்டு. ஃபேனோட இன்ஜினைத் தொங்கவிடு. இறக்கைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல ஒரு இஞ்சுக்குக் கொறையாம இருக்கணும். சிலிக்கான் ஆயில் கிளட்ச் வச்ச ஃபேன்னா அதோட நீளத்தையும் சேத்து அள. அதுக்கப்புறந்தான் மவுண்ட்டு. எடமே இல்ல, எலக்ட்ரிக்தான்னா, பின்னால நின்னு இழுக்குற ஃபேன், 4 ஸ்கொயருக்குக் கொறையாத வயரு, பேட்டரியில இருந்து நேரா ரிலே, ரேடியேட்டர்ல சூடானா தானாப் போடுத தெர்மோ சுவிட்ச். ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர்னு முதல்ல பாரு. ஹெட்லைட்டுக்கே பத்து போயிரும். அப்புறம் தண்ணிச் சூட்டைப் பாத்துத் திறக்குற தெர்மோஸ்டாட்டை எவனாவது கழட்டிப் போடச் சொன்னா கேக்காத. போர் தண்ணியை ஊத்தாத, நம்ம பக்கத்து உப்புல ரேடியேட்டர் குழாய் அடைச்சுக்கிடும். ஆர்டிஓ அனுமதி இல்லாம இன்ஜினைத் தொடாத, ஆர்சியில ஏத்தாம ரோட்டுக்கு வராத.

எல்லாத்தையும் கேட்டுட்டு, "கியர் லிவர் ஓட்டை தள்ளிப் போயிருமேண்ணே, பாக்க அசிங்கமா இருக்குமே"ங்கான்.

புதன்கெழம காலைல வெல்டர் வாரதுக்கு முன்ன நானே பாவூர்சத்திரம் போறேன். டேப்பும் பழைய பேப்பரும் வண்டியில எடுத்து வச்சாச்சு.